மாவராவுன் நஹ்ரின் மறைவான மத்ரஸாக்கள்

தமிழகத்து அரபு மத்ரஸாக்களில் ஹனஃபி சட்டநூல்களை ஓதி முடித்த எவரும் ‘ஹிதாயா’ என்னும் கிதாபை அறியாதிருத்தல் இயலாது. அதனை யாத்த இமாம் புர்ஹானுத்தீன் மர்கீனானி அவர்கள் ஹிஜ்ரி 593-இல், அதாவது கி.பி. 1197-இல் மறைந்தார்கள். மர்கீனான் என்பது ஃபர்கானாப் பள்ளத்தாக்கிலுள்ள இன்றைய மர்கிலான் நகரம். புகாரி என்றும் திர்மிதி என்றும் நாம் நாள்தோறும் மொழிகின்றோமே, அவையும் ஊர்ப்பெயர்களே. அமூ, சிர் என்னும் இரு பேராறுகளுக்கு இடைப்பட்ட அந்நாட்டை அரபியர் ‘மாவராவுன் நஹ்ர்’, அதாவது ஆற்றுக்கு அப்பாலுள்ள நாடு, என வழங்கினர். நமது பாடநூல்கள் பிறந்த அம்மண்ணில், இருபதாம் நூற்றாண்டில், அறுபதாண்டுகளுக்கு மேலாக வீட்டில் அமர்ந்து கிதாபு ஓதிக்கொடுப்பது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அக்குற்றத்தை அம்மக்கள் எவ்வாறு இடையறாது செய்துவந்தனர் என்பதையே ஈண்டு எழுத முற்படுகின்றோம்.

1920 செப்டம்பரில் செஞ்சேனை புகாராவைப் பீரங்கிகொண்டு தாக்கிக் கைப்பற்றியது. அமீர் ஆலிம் கான் ஓடி, முடிவில் ஆப்கானிஸ்தானத்தில் அடைக்கலம் புகுந்தார். மலைகளில் நின்று ஆயுதமேந்திப் போராடியோரைப் ‘பஸ்மாச்சி’கள் என்று ஆட்சியினர் இகழ்ந்தனர். அப்போரின் வரலாறு தனியே எழுதத்தக்கது. நாம் அதனுட் புகவில்லை. புதிய ஆட்சி தொடக்கத்தில் மெல்லவே அடியெடுத்து வைத்தது. பறித்த வக்ஃபுச் சொத்துக்களில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது. காழிகளின் நீதிமன்றங்களையும் சில காலம் விட்டுவைத்தது. 1927 அளவில் அந்தப் பொறுமை தீர்ந்தது. காழி மன்றங்கள் ஒழிந்தன, வக்ஃபுகள் போயின, வக்ஃபு போனபின் மத்ரஸா எதனால் நிற்கும்? ஆசிரியர்க்கு ஊதியமில்லை, மாணவர்க்கு உணவில்லை. பூட்டுப் போடுமுன்னரே பல மத்ரஸாக்கள் பசியால் மூடுண்டன.

அதே 1927-ஆம் ஆண்டு மார்ச் 8 அன்று ‘ஹுஜூம்’ தொடங்கிற்று. அரபறிந்தார்க்கு இச்சொல்லின் பொருளை விளக்க வேண்டுவதில்லை: தாக்குதல். பெண்களின் முகத்திரைமீது நிகழ்ந்த தாக்குதல் அது. உஸ்பெக் நகரங்களின் பெண்கள் ‘பரஞ்சி’ என்னும் நீண்ட மேலங்கியையும், குதிரை மயிரால் நெய்த ‘சச்வான்’ என்னும் முகத்திரையையும் அணிந்து வெளிச்செல்வது வழக்கம். நகரச் சதுக்கங்களில் கூட்டங்கூட்டி, பெண்களை மேடையேற்றி, அவ்வாடைகளைக் களைந்து தீயிலிடச் செய்தனர். பிறை கணக்கிட்டுப் பார்ப்பின் அது ரமலான் மாதத்தின் முதல் வாரம். அறியாமற் செய்தனரோ, அறிந்தே செய்தனரோ! திரை களைந்த பெண்களிற் பெருந்தொகையினர் சில வாரங்களில் மீண்டும் அதனை அணிந்துகொண்டனர். மேடையில் ஆட்சிக்குப் பணிந்து, வீதியில் தம் வழக்கத்திற்குத் திரும்பிய அச்செயல், பின்னாளில் அம்மக்கள் கைக்கொண்ட முறைக்கெல்லாம் முன்மாதிரி போல் அமைந்தது.

ஆனால் அவ்வாண்டுகளைப் பற்றிச் சொல்லுங்கால் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. திரை களைந்த பெண்கள் நூற்றுக்கணக்கில் கொலையுண்டனர். கொன்றவர்களிற் கணவரும் உடன்பிறந்தாரும் இருந்தனர். மார்க்கத்தைக் காத்தோம் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம்; எந்த ஃபிக்ஹு நூலைப் புரட்டினும் இதற்கு இடமில்லை. மாஸ்கோவின்மீது கை நீட்ட இயலாதவர்கள், தம் வீட்டிலிருந்த, வலுவற்ற ஒருத்தியின்மீது கை நீட்டினர். இதனை எதிர்ப்பு என்னும் சொல்லால் நாம் குறிக்கமாட்டோம்.

முகத்திரையினும் ஆழமாக வெட்டியது எழுத்துமாற்றம். உஸ்பெக், தாஜிக் மொழிகள் நூற்றாண்டுகளாக அரபு வரிவடிவில் எழுதப்பெற்று வந்தன. 1920களின் இறுதியில் அவ்வெழுத்தை நீக்கி இலத்தீன் எழுத்தைப் புகுத்தினர். மக்கள் அதனைக் கற்றுத் தேறுமுன், 1940-இல் அதனையும் நீக்கி ரஷ்ய எழுத்தை வைத்தனர். பன்னிரண்டு ஆண்டுகளில் இருமுறை ஒரு சமுதாயம் எழுத்தறியாததாக ஆக்கப்பட்டது. பாட்டனார் எழுதிவைத்த கடிதத்தைப் பேரன் வாசிக்க இயலாது. பள்ளியில் முதன்மையாகத் தேறியவனும் தன் வீட்டு அலமாரிக்கு முன் கல்லாதவனே. நம் வீடுகளிற் பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் பரண்மேல் வாசிப்பாரற்றுக் கிடப்பதைக் கண்டவர்க்கு இத்துயரம் ஓரளவு விளங்கும். நாமோ அவற்றை யாரும் பிடுங்காமலே மறந்தோம். அங்கோ, அரபு எழுத்திலமைந்த ஒரு நூல் வீட்டில் அகப்படுவதே சிறைக்குப் போதிய சான்றாக இருந்த காலம் 1930களில் வந்தது. அச்சத்தால் நூல்களை ஆற்றில் விட்டோர் உண்டு, எரித்தோரும் உண்டு. மனம் ஒப்பாதவர்கள் மண்சுவருக்குள் வைத்துப் பூசினர், தோட்டத்திற் புதைத்தனர்.

பள்ளிவாசலும் மத்ரஸாவும் மூடப்பட்டபின் கல்வி எங்கே சென்றது? ஹுஜ்ராவுக்குச் சென்றது. ஹுஜ்ரா என்பது அறை. முன்னர் மத்ரஸாவில் மாணவன் தங்கும் சிற்றறைக்கு வழங்கிய பெயர், இப்போது ஒருவர் வீட்டு உள்ளறையில் மறைவாக நடக்கும் ஓதலுக்கு ஆகிவந்தது. வைகறைக்கு முன், அல்லது இரவு வேலை முடிந்தபின், இரண்டொரு மாணவர் வருவர். பகலில் அவர்கள் பருத்தி வயலிலோ தொழிற்சாலையிலோ உழைப்பவர்கள். நடுவே உணவு விரிப்பும் தேநீர்க் குவளையும் இருக்கும். அயலார் எவரேனும் நுழைந்தால் அது விருந்து. விருந்தோம்பலைக் குற்றமாக்க எந்த அரசாலும் இயலவில்லை.

அங்கே ஓதப்பட்டவை யாவை? ‘ஹஃப்தியக்’ என்னும் குர்ஆன் பகுதி முதலில். பின்னர்ப் பாரசீகத்தில் ‘சார் கிதாப்’. அப்பால் ஸர்ஃபில் ஸன்ஜானி, நஹ்வில் அவாமில், காஃபியா, ஷரஹ் முல்லா. இப்பட்டியலைக் கண்டபோது நாம் வியந்து நின்றோம். வேறு நாட்டுப் பாடத்திட்டமா இது? நாம் இளமையில் உஸ்தாதுமார்களின் முன் மண்டியிட்டு ஓதிய அதே வரிசையன்றோ! நாம் பகல் வெளிச்சத்தில், ஊரார் தந்த சோற்றை உண்டு, மனனம் செய்யாமல் ஏய்த்த காஃபியாவை, சைபீரியாவுக்குச் செல்லும் அபாயத்தைத் தோளிற் சுமந்துகொண்டு அவர்கள் மனனம் செய்தனர்.

பெண்கள் செய்த பணி இதனினும் பெரிது என்பது நம் கருத்து. ‘ஒத்தின்’ என்றும் ‘ஒத்தின்-ஆயி’ என்றும் அழைக்கப்பட்ட ஆசிரியைகள் பழங்காலந்தொட்டே சிறுமியர்க்கு வீட்டில் ஓதிக்கொடுத்து வந்தவர்கள். குர்ஆனோடு, அஹ்மத் யஸவி, ஸூஃபி அல்லாஹ்யார் ஆகியோரின் பாடல்களையும் வாய்மொழியாகக் கற்பித்தனர். காவலரின் கண் தாடி வைத்த முல்லாக்களைத் தேடியது. அடுப்படியில் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் மூதாட்டியை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. எழுத்து போயிற்று, நூல் போயிற்று. பாட்டியின் மனனத்திலிருந்த சூராக்கள் பேத்தியிடம் சென்றன. பெண்ணை விடுவிப்பதாகச் சொல்லி வந்த ஆட்சி, பெண்ணின் நாவில் இருந்ததைக் கணக்கிட மறந்துவிட்டது.

ஹுஜ்ரா ஆசிரியர்களுள் நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவர் உண்டு. முஹம்மத்ஜான் ருஸ்தமோவ் என்பது அரசு ஏடுகளில் அவர் பெயர். மக்கள் அறிந்த பெயரோ மௌலவி ஹிந்துஸ்தானி. 1892-இல் கோக்கந்துக்கு அருகே பிறந்தார். கோக்கந்திலும் புகாராவிலும் ஓதி, ஆப்கானிஸ்தானம் வழியாக இந்தியா வந்து, அஜ்மீரில் உஸ்மானியா மத்ரஸாவிற் பயின்றார். 1920களின் இறுதியில் தாயகம் திரும்பினார். இங்கேயே தங்கியிருப்பின் ஏதேனும் ஒரு மத்ரஸாவில் முதிய முதர்ரிஸாக அமைதியாக வாழ்ந்திருக்கலாம். திரும்பியவரை எதிர்கொண்டவை கைதும் சிறையும். பின்னர் இரண்டாம் உலகப் போர் வந்தது. தம்மைச் சிறையிலிட்ட அரசின் படையில் வீரராகச் சென்று காயமடைந்தார். போருக்குப்பின் தாஜிகிஸ்தானின் தலைநகராகிய துஷன்பேயில், மௌலானா யஃகூப் சர்கீ பெயரால் அமைந்த பள்ளிவாசலில் இமாமாயிருந்தார். 1950களின் தொடக்கத்தில் மீண்டும் கைது. இம்முறை இருபத்தைந்து ஆண்டுத் தண்டனை. 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்திராவிட்டால் அத்தண்டனை அவர் ஆயுளை விழுங்கியிருக்கும். விடுதலையாகி வந்தபின் தாஜிக் அறிவியற் கழகத்தில் கீழைத்தேயச் சுவடிகள் தொடர்பான பணி கிடைத்தது. எந்த எழுத்தை ஒழித்தார்களோ அந்த எழுத்தை வாசிக்க ஆளில்லாமல், அதற்காகவே சிறைப்பட்டவரை அரசு சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டியதாயிற்று!

பகலிற் கழகம், இரவில் ஹுஜ்ரா. இரு தலைமுறை மாணவர் அவரிடம் ஓதினர். குர்ஆனுக்கு உஸ்பெக் மொழியில் தஃப்ஸீர் எழுதினார். பாட்னாவில் பிறந்து தில்லியில் அடங்கிய மிர்ஸா அப்துல் காதிர் பேதில் அவர்களின் பாரசீகக் கவிதைகளுக்கு உரை சொல்வதில் அவர்க்கு நிகரில்லை என்பர். நம் நாட்டுக் கவிஞரை இங்குள்ளோர் மறந்தபோதும், துஷன்பேயின் உள்ளறை ஒன்றில் அவருடைய வரிகளுக்குப் பொருள் கேட்டு இளைஞர் கூடினர்.

இதற்கிடையே அரசு தனக்கென ஒரு முகப்பும் கட்டிக்கொண்டது. ஜெர்மானியப் படையெடுப்பின்போது மக்கள் ஆதரவு தேவைப்பட்டதால், 1943-இல் தாஷ்கந்தில் முஸ்லிம்களின் மார்க்க நிர்வாகம் ஒன்று அமைக்க இசைந்தது. ஈஷான் பாபாகான் முதல் முஃப்தி. அவர்க்குப்பின் மகன் ஸியாவுத்தீன். அவர்க்குப்பின் பேரர் ஷம்ஸுத்தீன். போருக்குப்பின் புகாராவின் மீர் அரப் மத்ரஸா திறக்கப்பட்டது. 1971-இல் தாஷ்கந்தில் இமாம் புகாரி பெயரால் உயர்கல்விக்கூடமும் வந்தது. இவற்றில் இடம் பெற்றோர் கைவிரலெண்ணத்தக்க சிலரே. ஹஜ்ஜுக்கும் ஆண்டுக்குச் சிலரே அனுப்பப்பட்டனர். 1974-இல் இமாம் புகாரி அவர்களின் ஆயிரத்து இருநூறாம் ஆண்டு விழாவுக்குப் பல நாட்டு உலமாக்கள் அழைக்கப்பெற்றனர். சமர்கந்தின் நீலக் குவிமாடங்களைக் கண்டு களித்துத் திரும்பினர். ‘சோவியத் கிழக்கின் முஸ்லிம்கள்’ என்றொரு பத்திரிகையும் தாஷ்கந்திலிருந்து வந்தது. அதன் உஸ்பெக் பதிப்பு அரபு எழுத்தில் அச்சிடப்பட்டது. உஸ்பெக் மக்களுக்குத்தான் அவ்வெழுத்து தெரியாதே! யார் வாசிப்பதற்கென அது அச்சாயிற்று என்பதை வாசகர்களே உணரலாம்.

எனினும் அந்நிர்வாகத்தை முற்றும் இகழ்ந்து ஒதுக்குவது எளிது, நியாயமன்று. முஃப்திமார்கள் அரசு விரும்பிய ஃபத்வாக்களைத் தந்தது உண்மை. அவர்கள் காத்து நின்ற சில கதவுகள் வழியாகத்தான் அச்சிட்ட குர்ஆனும், எகிப்திலும் லிபியாவிலும் கற்ற சில ஆலிம்களும் நாட்டுக்குள் வந்தனர் என்பதும் உண்மை. ஹுஜ்ராவில் ஓதியவர்களுட் சிலர் மீர் அரபில் இடம்பெற்றனர். மீர் அரபில் பட்டம் பெற்றோர் சிலர் மறைவில் ஹுஜ்ரா நடத்தினர். இரண்டுக்கும் நடுவிலிருந்த சுவர் அவ்வளவு தடித்ததன்று.

பொதுமக்களோ இவ்விரண்டையும் சாராது தம் வழியில் நின்றனர். கட்சி உறுப்பினர் இல்லத்திலும் மகனுக்கு ஸுன்னத்துச் சடங்கு நடந்தது. பதிவு அலுவலகத்தில் கையொப்பமிட்ட மணமக்களுக்கு வீட்டில் நிகாஹ் ஓதப்பட்டது. வாழ்நாள் முழுதும் நாத்திகச் சொற்பொழிவு ஆற்றியவரின் மையித்துக்கும் உறவினர் கூடி ஜனாஸாத் தொழுகை நடத்தினர். இவ்வாறு பங்கேற்றதற்காகக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டோர் பலர். ஆட்சியினர் இதனைப் ‘பழமையின் எச்சம்’ என்று எழுதிவந்தனர். ஓர் எச்சம் அறுபது ஆண்டுகளாகத் தேயாதிருப்பது எங்ஙனம் என அவர்களில் எவரும் வினவியதாகத் தெரியவில்லை.

1970களின் இறுதியில் ஹுஜ்ராக்களுக்குள்ளேயே பிளவு தோன்றியது. ஹிந்துஸ்தானியின் மாணவர்களான ரஹ்மத்துல்லாஹ் அல்லாமா, அப்துவலி காரீ போன்றோர், அரசோடு ஒத்துப்போகும் பழைய உலமாக்களைக் கண்டித்தனர். தொழுகையில் ருகூவுக்கு முன்னும் பின்னும் கை உயர்த்தினர், ஆமீனை உரக்கக் கூறினர். ஷாஃபிஈ மத்ஹபினர் பெருந்தொகையினராக வாழும் நம் பகுதியில் இச்செயல்கள் யாருடைய புருவத்தையும் உயர்த்தா. ஹனஃபி மத்ஹபு ஒன்றையே தலைமுறைகளாகக் கண்ட ஃபர்கானாவில் அது போர்க்குரலாக ஒலித்தது. முதிய ஆசிரியர் கடிதங்கள் வாயிலாக மறுமொழி தந்தார். கோழை என்றும் அரசின் ஆள் என்றும் தம்மைக் குறை கூறியோர்க்குத் தாம் அனுபவித்த சிறையை நினைவூட்டி, நீங்கள் எந்தச் சோதனையைக் கண்டீர்கள் எனக் கேட்டார். பொறுமையே அக்காலத்துக்குரிய ஜிஹாது என்பது அவர் நிலை. இளைஞர்களின் சினம் நமக்கு விளங்காமலில்லை. ஆயினும், அவர்கள் சினங்கொண்டு பேசக் கற்ற அரபுமொழியே அந்தப் பொறுமையின் விளைச்சல் என்பதை எண்ணும்போது, நம் உள்ளம் ஆசிரியரின் பக்கமே சாய்கின்றது. ரஹ்மத்துல்லாஹ் 1981-இல் வாகன விபத்தில் இறந்தார். அப்துவலி காரீ 1995-இல் தாஷ்கந்து விமான நிலையத்திலிருந்து காணாமற் போனார்; அப்போது சோவியத் ஆட்சி மறைந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன.

சீர்திருத்தக்காரராகப் பெயர்பெற்ற கொர்பச்சேவும் 1986 நவம்பரில் தாஷ்கந்துக்கு வந்தபோது, மதத்தின் வெளிப்பாடுகளுக்கு எதிராக விட்டுக்கொடாத போராட்டம் வேண்டும் என்றே பேசினார். அதன்பின் மூன்றாண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. 1989 பிப்ரவரியில் தாஷ்கந்து வீதியில் முஸ்லிம்கள் கூடி, முஃப்தி ஷம்ஸுத்தீன் பாபாகான் விலகவேண்டும் எனக் குரலெழுப்பினர், அவர் விலகினார். அடுத்த மாதம் முஹம்மத் ஸாதிக் முஹம்மத் யூஸுஃப் முஃப்தியானார். அதே ஆண்டு, உஸ்மான் (ரலி) அவர்களுக்கு உரியதென மக்கள் போற்றும் பழம்பெரும் குர்ஆன் பிரதி அருங்காட்சியகத்திலிருந்து மார்க்க நிர்வாகத்தின் கையில் ஒப்படைக்கப்பட்டது. 1869-இல் ஜாரின் அதிகாரிகள் அதனைச் சமர்கந்திலிருந்து பீட்டர்ஸ்பர்க் கொண்டுசென்றிருந்தனர். புரட்சிக்குப்பின் ஊஃபா நகரம் சென்று, 1920களில் தாஷ்கந்து வந்து, கண்ணாடிப் பேழைக்குள் காட்சிப்பொருளாய் இருந்தது.

மௌலவி ஹிந்துஸ்தானி அவ்வாண்டே, 1989-இல், துஷன்பேயில் காலமானார். அவர் முன் அமர்ந்து காஃபியா ஓதியவர்கள், ஃபர்கானாவிலும் தாஜிகிஸ்தானத்திலும் புதிதாகத் திறக்கப்பட்ட பள்ளிவாசல்களில், பகலில், கதவைத் தாழிடாமல், சிறுவர்களுக்கு அலிஃப் பே எழுதிக் காட்டத் தொடங்கியிருந்தனர்.