செயற்கைத் துளை ரேடார்: ஆண்டெனா நீளமும் தரையை எட்டும் கதிர்வீச்சும்

தொடக்ககால வானூர்திப் பக்கநோக்கு ரேடார்களில் நீண்ட ஆண்டெனாவே நுண்ணிய படத்தைத் தந்தது. 3 செ.மீ. அலைநீளத்தில் 5 மீட்டர் ஆண்டெனா, 10 கி.மீ. தொலைவில் 60 மீட்டர் இடைவெளியையே பிரித்துக்காட்டும். 1951-இல் அமெரிக்காவின் குட்இயர் விமான நிறுவனத்தைச் சார்ந்த கார்ல் வைலி, டாப்ளர் விளைவின்வழி இவ்வரம்பைக் கடக்கலாம் எனக் கண்டார். அதிலிருந்து வளர்ந்த செயற்கைத் துளை ரேடாரில் பிரிதிறன் தொலைவைச் சாராது. ஆண்டெனா நீளத்தில் பாதியாகும்.

குறுகிய ஆண்டெனாவின் கற்றை அகன்றது. ஆதலின் ஆற்றல் பரவிச் செறிவு குறைகிறது. நாசாவின் யுஏவிசார் ரேடாரின் உச்சத்திறன் 3.1 கிலோவாட். எனினும் ஏறத்தாழ 12.5 கி.மீ. உயரத்திலிருந்து தரையை எட்டும் உச்சச் செறிவு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிவாட்டிற்கும் குறைவு எனக் கணக்கிடலாம். அவ்வதிர்வெண்ணில் பொதுமக்களுக்கான பன்னாட்டு வரம்பு ஏறத்தாழ 6 வாட். எனவே எச்சரிக்கை வேண்டப்படுவது பறக்கும் பாதையின் கீழுள்ள ஊர்களில் அன்று; ஆண்டெனாவின் அருகே பணியாளர் நிற்கும் வானூர்தித் தளத்திலேயே.