பவர் வீடருக்கும் பைக்குக்கும் எந்த பெட்ரோல்? ஆக்டேன் எண் அறிந்து போடுங்கள்



பெட்ரோல் பங்கில் இப்போது சாதாரண பெட்ரோலுடன் 95, 100 என்று எண் போட்ட பெட்ரோலும் விற்கப்படுகிறது. “விலை கூடுதலான பெட்ரோல் போட்டால் பவர் வீடர் நன்றாக இழுக்குமா?” என்பது பண்ணைக் கருவிப் பயிற்சிகளில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. இழுக்காது என்பதே பதில். கருவியின் கையேட்டில் குறிப்பிட்ட எண் இருந்தால் போதும். களையெடுக்கும் நேரத்தில் கருவியை மடக்கிப் போடுவது பெரும்பாலும் எண் குறைவான பெட்ரோல் அல்ல. பழைய பெட்ரோலும் தண்ணீர் சேர்ந்த பெட்ரோலும்தான்.

ஆக்டேன் எண் என்றால் என்ன?

பெட்ரோல் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை பிஸ்டன் அழுத்துகிறது. பிளக் பொறி கொடுத்த பிறகுதான் அது எரியத் தொடங்க வேண்டும். அழுத்தத்தாலும் சூட்டாலும் கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடித்தால், சுத்தியலால் தட்டுவது போல ‘டக் டக்’ என்று சத்தம் வரும். இதை மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்பார்கள். இது தொடர்ந்தால் பிஸ்டன் சேதமடையும்.

இப்படித் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனைக் காட்டுவதே ஆக்டேன் எண். ஐசோ-ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0 என்று வைத்து இதை அளக்கிறார்கள். 91 ஆக்டேன் என்றால், 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவையைப் போலத் தாங்கும் என்று பொருள்.

ஆகவே இந்த எண் பெட்ரோலின் ‘சத்து’ அல்ல. நெல்லுக்குத் தேவைக்கு மேல் யூரியா போட்டால் மகசூல் கூடாதது போல, இன்ஜினுக்குத் தேவைக்கு மேல் ஆக்டேன் கொடுத்தாலும் இழுவை கூடாது. 100 ஆக்டேன் பெட்ரோலின் விலை சாதாரண பெட்ரோலைவிட மிக அதிகம். அந்தக் கூடுதல் பணம் வீண்தான்.

எதற்கு எந்த பெட்ரோல்?

பி.எஸ்.6 தரத்தில் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் எண் குறைந்தது 91. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் இது சுமார் 95.

1. பவர் வீடர், புல்வெட்டும் கருவி, பெட்ரோலில் இயங்கும் விசைத்தெளிப்பான், மொபெட், 100–125 சிசி பைக்: சாதாரண பெட்ரோல் போதும்.
2. அதிக அழுத்த விகிதம் உள்ள பெரிய பைக், டர்போ பெட்ரோல் கார்: கையேட்டில் 95 என்று இருந்தால் 95 ஆக்டேன் பெட்ரோலே போடவும்.
3. டிராக்டர், டீசல் பவர் டில்லர்: இவற்றுக்கு ஆக்டேன் எண் பொருந்தாது. டீசலுக்கு அளவுகோல் சீட்டேன் எண். தவறி பெட்ரோல் ஊற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் டேங்கை முழுவதும் காலி செய்யவும்.

வெளிநாட்டுக் கருவிகளின் கையேட்டில் 86 அல்லது 87 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அமெரிக்காவில் கணக்கிடும் முறை வேறு. அங்கே 87 என்பது நம் முறையில் சுமார் 91.

மண்ணெண்ணெய் கலக்கலாமா?

கூடவே கூடாது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய பம்புசெட்டுகள் குறைந்த அழுத்த விகிதத்தில் அதற்கென்றே செய்யப்பட்டவை. இன்றைய இன்ஜினில் மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் எண் இறங்கி நாக்கிங் வரும், கரியும் படியும்.

சத்தம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை

பெட்ரோலை மாற்றும் முன் இவற்றைச் சரிபார்க்கவும்.

• அதிக பாரத்தை மேல் கியரில் இழுக்கிறீர்களா? கியரைக் குறைக்கவும்.
• இன்ஜினைச் சுற்றியுள்ள குளிர்விப்பு மடிப்புகளில் மண்ணும் வைக்கோல் தூசியும் அடைத்துள்ளதா? சுத்தம் செய்யவும்.
• பிளக் சரியான வகைதானா?
• பிஸ்டன் தலையில் கரி படிந்துள்ளதா? மெக்கானிக்கிடம் காட்டவும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்: கவனிக்க வேண்டியது

நம் கரும்பும் மக்காச்சோளமும் எத்தனாலாகி பெட்ரோலில் கலக்கின்றன. எத்தனால் ஆக்டேன் எண்ணை உயர்த்தும். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி, பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் சற்றுக் குறையலாம். பழைய கருவிகளில் ரப்பர் குழாயும் வாஷரும் விரைவில் கெடக்கூடும். அவ்வப்போது பார்த்து, வெடிப்போ கசிவோ தெரிந்தால் மாற்றிவிடவும். சில சிறு இன்ஜின்களின் கையேட்டில் 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதி இருக்கும். அப்படியானால் விற்பனையாளரிடம் கேட்டுத் தெளிவு பெறவும்.

எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். கேனிலோ டேங்கிலோ தண்ணீர் அளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும். மேலே நிற்கும் பெட்ரோலின் ஆக்டேன் எண் இறங்கிவிடும். டூ-ஸ்ட்ரோக் கருவியில் ஆபத்து இன்னும் அதிகம். அடியில் தங்கும் நீரில் ஆயில் இருக்காது. அது உள்ளே போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

சந்தேகம் வந்தால், சிறிது பெட்ரோலை கண்ணாடி பாட்டிலில் எடுத்து அரை மணி நேரம் அசைக்காமல் வைக்கவும். கலங்கலாகவோ இரண்டு அடுக்காகவோ தெரிந்தால் அதைக் கருவியில் ஊற்ற வேண்டாம். அடுப்பு, பீடி, சிகரெட் அருகில் இதைச் செய்யக் கூடாது.

வாங்குவதும் சேமிப்பதும்

• ஒரு மாதத்துக்குள் தீரும் அளவே வாங்கவும்.
• பெட்ரோலுக்கு உரிய, இறுக மூடும் கேனில் நிழலில் வைக்கவும். மருந்து கேனைப் பயன்படுத்தக் கூடாது.
• டூ-ஸ்ட்ரோக் கருவிக்கு ஆயில் அளவு கையேட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். 50-க்கு 1 என்றால் 5 லிட்டருக்கு 100 மில்லி. 25-க்கு 1 என்றால் 200 மில்லி.
• பருவம் முடிந்து கருவியை நிறுத்தும்போது டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் உள்ளது தீரும் வரை ஓட்டி நிறுத்தவும்.
• கலப்படச் சந்தேகம் இருந்தால் பங்கில் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஒரு சொட்டு விட்டால் கறையின்றி ஆவியாக வேண்டும். கறை நின்றால் புகார் செய்யலாம்.

அடுத்த முறை பங்குக்குப் போகும் முன் கையேட்டை எடுத்து எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணுக்குக் கீழே போக வேண்டாம். மேலே போய்ப் பணத்தை வீணாக்கவும் வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல பிளக்கும் பெட்ரோல் குழாயும் வாங்கி வைத்தால், களை முற்றும் நேரத்தில் கருவி உங்கள் கையை விடாது.