கூத்துக்குத் தீர்ப்பளிப்போர் யார்?

கலையைப் பற்றித் தீர்ப்புக் கூறும் உரிமை யாருக்குரியது என்ற வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. ஊர் முழுவதும் விழித்திருந்து பார்த்து மகிழ்ந்த நாடகத்தைக் கற்றோர் ஒருவர் 'நாகரிகமற்றது' என ஒதுக்கிவிடுகிறார். கற்றோர் வியந்து போற்றிய நாடகத்தைப் பார்க்க வந்த மக்களோ பாதியில் எழுந்து போய்விடுகின்றனர். இப்பிணக்கில் மக்கள் பக்கம் நிற்பதே முற்போக்கு என்பர் சிலர். மக்களின் ரசனையை உயர்த்துவதே முற்போக்கு என்பர் வேறு சிலர். இவ்விரு விடைகளும் போதா என்பதைக் கிழக்கிலங்கைக் கூத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

மட்டக்களப்புப் பிரதேசத்தின் கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் எனப் படிப்படியாக அது உருவாகும். இப்படிகள் ஒவ்வொன்றிலும் ஊரவர் உடனிருந்தனர். அரங்கேற்ற இரவில் வட்டக்களரியைச் சூழ அமர்ந்திருந்தவர்கள், ஆட்டக்காரன் எந்தத் தாளக்கட்டில் தடுமாறினான், எந்த விருத்தத்தை விழுங்கினான் என்பதை அறிந்தவர்கள். ஏனெனில் அவர்களிற் பலர் தாமே முன்னர் ஆடியவர்கள். அல்லது ஆடுபவனின் தந்தையர், தமையன்மார். விமர்சகன் என்றொருவன் அங்கே தனியாக இருக்கவில்லை. விமர்சனம் சபைக்குள்ளேயே இருந்தது.

விமர்சகனும் சபையும் பிரிந்தது ஆங்கிலக் கல்வியின் வருகைக்குப் பின்னரே. திரையும் பக்கத்தட்டியும் கொண்ட மேடையே நாடகம் என்றும், களரியில் ஆடுவது பாமரர் பொழுதுபோக்கு என்றும் படித்த வர்க்கம் எண்ணத் தலைப்பட்டது. கல்முனைக்கு அருகிலுள்ள காரைதீவில் 1892இல் பிறந்து, கல்முனையிலும் கல்வி பயின்ற சுவாமி விபுலாநந்தரின் 'மதங்க சூளாமணி' 1926இல் வெளிவந்தது. நாடகத்தை ஆராயத் தகுந்த கலையாக நிலைநாட்டிய பெருமை அந்நூலுக்கு உண்டு. ஆயினும் பழந்தமிழ்க் குறிப்புகளும், சேக்ஸ்பியரும், வடமொழித் தசரூபகமுமே அதன் பொருளாயின. அவர் பிறந்த மண்ணில் இரவு தோறும் ஒலித்த மத்தளம் அந்நூலின் பொருளாக அமையவில்லை. இது தனி மனிதரின் குறையன்று. அக்காலக் கல்வி வகுத்த எல்லை.

அந்த எல்லை 1956இல் அசைந்தது. பேராசிரியர் சரச்சந்திர, தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம் என்னும் சிங்கள வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு 'மனமே'யை மேடையேற்றினார். கற்றோர் புறக்கணித்திருந்த கிராமிய வடிவம் தலைநகரின் மேடையில் தேசியக் கலையாக நிமிர்ந்து நின்றது. அதே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ்க் கூத்தை மீட்கும் பணியில் இறங்கினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் மாணவர்களுக்கு ஆட்டம் பழக்க, 1962இல் 'கர்ணன் போர்' மேடையேறியது. 1963இல் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்', பின்னர் 'வாலிவதை' என அம்முயற்சி தொடர்ந்தது. படிப்பறிவு குறைந்தோர் கலை என்று இகழப்பட்டதைப் பல்கலைக்கழக மாணவரே ஆடினர் என்பது அன்று சிறிய செய்தியன்று.

இதற்கு ஒரு விலை கொடுக்க நேர்ந்தது. விடியும்வரை ஆடப்பட்ட கூத்து ஓரிரு மணி நேரத்துள் அடக்கப்பட்டது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று; நாற்புறமும் இருந்த சபை ஒரு புறத்துக்கு ஒதுங்கியது. திரும்பத் திரும்ப வரும் பாடலும் ஆட்டமும் அலுப்பூட்டுவன என்று வெட்டப்பட்டன. நகரத்து ரசிகனுக்கு அலுப்பாகத் தோன்றியது ஊரவனுக்கு அலுப்பன்று. தன் மகன் வரவு ஆடுவதை ஒரு நாழிகை பார்க்கவே அவன் வந்திருந்தான். செம்மை செய்தவர்கள் கலையைக் காத்தனர் என்பதும் உண்மை. அக்கலைக்கு நீதிபதியாயிருந்த சபையை வெறும் பார்வையாளராக்கினர் என்பதும் உண்மை.

இடதுசாரிகள் எழுப்பிய வினா வேறு. அரசரையும் தெய்வங்களையும் பாடும் கூத்து நிலமானிய சமுதாயத்தின் கருத்துகளையே காக்கின்றது. வடிவத்தை மீட்டு உள்ளடக்கத்தை அப்படியே விடுவதால் பயன் யாது? இவ்வினாவுக்குக் கட்டுரையைக் காட்டிலும் மேடையே சிறந்த விடை தந்தது. 1969இல் சி. மௌனகுரு 'சங்கார'த்தில் வடமோடி ஆட்டத்தைக் கொண்டு உழைப்போர் போராட்டத்தைக் காட்டினார். 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தின் சூழலில், என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' தீண்டாமைக்கெதிரான நாடகமாக மேடைகளில் முழங்கியது.

இவ்விடத்தில் 'மக்கள்' என்ற சொல்லையே நிறுத்தி ஆராய்தல் வேண்டும். கோயில் வாயிலில் தடுக்கப்பட்டவனும் தடுத்தவனும் ஒரே நாடகத்தை ஒரே கண்ணால் பார்த்தல் இயலாது. சபை ஒரே மனமுடையதன்று. சாதியும் வர்க்கமும் அதனுள்ளும் கோடு கிழித்திருந்தன. கூத்தில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். பெண்கள் பார்க்கலாம், ஆடலாகாது. சபையின் தீர்ப்பு எப்போதும் நியாயமானது என்பவர் இச்சபைகளில் யாருடைய குரல் ஒலிக்கவில்லை என்று கேட்பதில்லை.

உலக நாடக வரலாறும் இதையே சொல்கின்றது. 1896இல் பீட்டர்ஸ்பர்க்கில் செக்கோவின் 'கடற்பறவை' முதல் நாளே எள்ளி நகையாடப்பட்டது. அன்றைய காட்சி நகைச்சுவை நடிகை ஒருவருக்கு உதவியாக நடத்தப்பட்டது. சபை சிரிக்கவே வந்திருந்தது. 1898இல் மாஸ்கோக் கலை அரங்கு அதே நாடகத்தைத் தக்க முறையில் தயாரித்தபோது வெற்றி கண்டது. நாடகம் மாறவில்லை, தயாரிப்பும், சபை கொண்டுவந்த எதிர்பார்ப்பும் மாறின. 1907இல் டப்ளினில் சிங்கின் நாடகத்தை எதிர்த்துக் கலகம் செய்தவர்களோ அறிவிலிகள் அல்லர். அந்நிய ஆட்சியில் தம் கிராமத்தவர் இழிவுபடுத்தப்படுகின்றனர் என வெகுண்ட தேசியவாதிகள். காலம் அந்நாடகத்தை உயர்த்திவிட்டது. எனினும் அக்கோபத்தின் காரணத்தை ஆராயாத விமர்சனம் அரை விமர்சனமே.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊர்க்கூத்தரும் மேற்கொண்ட 'கூத்து மீளுருவாக்கம்' இப்பிணக்குக்குப் புதியதொரு வழியைக் காட்டிற்று. கூத்தை ஊரிலிருந்து பெயர்த்தெடுக்காமல், களரியிலேயே வைத்து, சாதியும் பெண்ணும் பிரதியில் எவ்வாறு வருகின்றனர் என்பதை ஆடுவோரோடும் பார்ப்போரோடும் உரையாடி மாற்றுவதே அதன் நெறி. பேராதனைச் செம்மையாக்கத்துக்கும் இதற்கும் இடையே கருத்து மோதல் எழுந்தது. அது நலமான மோதல். ஒன்று கூத்துக்கு நாடளாவிய மதிப்பைத் தேடித் தந்தது. மற்றது தீர்ப்பைச் சபைக்கு மீட்டுக் கொடுத்து, அச்சபையையும் மாறக் கேட்டது.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் நம் கரையோர முஸ்லிம் ஊர்களுக்கு இவ்வரலாறு அயலார் கதையன்று. பொல்லடியும், றபானும், வயலிலும் கடலிலும் பிறந்த கவிகளும் இங்கும் சபையோடு வாழ்ந்தவை. மகாகவியின் பா நாடகமான 'கோடை'யை 1970இல் நூலாக்கியது கல்முனை வாசகர் சங்கம். ஆயினும் நம் ஊர்களில் விமர்சகரும் சபையும் தவிர மூன்றாவது தீர்ப்பொன்றும் உண்டு: மேடையும் இசையும் மார்க்கத்துக்கு ஆகா என்பாரின் தீர்ப்பு. அக்கருத்துடையோரும் சபையைச் சேர்ந்தவர்களே. அவர்களோடும் உரையாட வேண்டியிருக்கிறது. ஆனால் தாய்மாரும் மூத்தோரும் மனத்தில் வைத்திருக்கும் கவிகளைக் கேளாமலே அவற்றைத் தள்ளிவிடும் தீர்ப்பு, அன்று கூத்தைப் பாராமலே இகழ்ந்த படித்தோர் தீர்ப்பிலிருந்து எவ்வகையில் வேறுபட்டது?

ஆசிரியராகிய நாமும் தீர்ப்பளிப்போர் வரிசையில் இருக்கிறோம். தமிழ்த்தினப் போட்டியில் புள்ளித்தாளோடு முன்வரிசையில் அமர்வது நம்மவரே. உச்சரிப்புக்கும் ஒப்பனைக்கும் புள்ளியிடுகிறோம். மீனவன் பேச்சை மேடையில் அப்படியே பேசிய மாணவனுக்குக் குறைத்துவிடுகிறோம். பின்வரிசையில் இருக்கும் அவனுடைய தந்தையோ அந்தப் பேச்சில்தான் தன்னை முதன்முறையாக மேடையில் காண்கிறார். புள்ளியிடுமுன் ஒருமுறை பின்னே திரும்பிப் பார்ப்போம். அவர் ஏன் சிரித்தார், எங்கே மௌனமானார் என்று கேட்போம். அவர் கைதட்டியது பிழையாகத் தோன்றினால் அதையும் அவரிடமே காரணத்தோடு சொல்வோம். அத்தகைய விமர்சனத்திலேதான் நம் கரையோரத்துக்கென ஓர் அரங்கு பிறக்கும்.