பெரம்பூரிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை

சட்டம் இயற்றுவோரும் அதை நிறைவேற்றுவோரும் வழக்குத் தீர்ப்போரும் ஒருவராகவே இருந்தால் குடிமக்களுக்குச் சுதந்திரம் மிஞ்சாது என்று 1748இல் எழுதினார் பிரெஞ்சு அறிஞர் மாந்தெஸ்க்யூ. அதிகாரப் பிரிவினை என்று நாம் பாடநூல்களில் படித்த இக்கோட்பாட்டின் உண்மையான மதிப்பை அறிய, நம் தொழிற்சங்க வரலாறே போதும்.

1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவர். பெரம்பூரில் பின்னி நிறுவனம் நடத்திய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களே அதன் உறுப்பினர்களுள் பெரும்பாலோர். 1920 இறுதியில் பிணக்கு முற்றிக் கதவடைப்பு வந்தபோது, தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று வாடியா முதலியோர் மீது நிறுவனம் வழக்குத் தொடுத்தது. உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இங்கிலாந்தில் 1906லேயே இத்தகைய வழக்குகளிலிருந்து சங்கங்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்திருந்தது. இந்தியாவில் அப்படியொரு சட்டமே இல்லை. இறுதியில் வாடியா தொழிற்சங்கப் பணியிலிருந்து விலகினார், வழக்கும் கைவிடப்பட்டது.

நீதிமன்றம் அடைத்த வழியைச் சட்டமன்றம் திறந்தது. 1921இல் மத்திய சட்டசபையில் என்.எம். ஜோஷி கொண்டுவந்த தீர்மானம், 1926இல் தொழிற்சங்கச் சட்டமாகக் கனிந்தது. மிகச் சிலருக்கே வாக்குரிமை இருந்த சபை அது. நிர்வாகம் அதற்குக் கட்டுப்பட்டதுமன்று. ஆயினும் பதிவுபெற்ற சங்கத்தின் மீது இத்தகைய வழக்குத் தொடுக்க முடியாதபடி அச்சட்டம் காப்பளித்தது. ஆனால் அந்தக் காப்பின் திறவுகோல் பதிவாளர் என்னும் அரசு அதிகாரியின் கையில் இருந்தது.

அதன் பொருள் ஏறக்குறைய நூறாண்டுகளுக்குப் பின் விளங்கிற்று. மண்ணூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று வயல்களுக்கிடையே ஆலைகள் எழுந்த திருப்பெரும்புதூர் வட்டாரத்தில், சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024இல் சங்கம் அமைத்துப் பதிவுக்கு விண்ணப்பித்தார்கள். சங்கத்தின் பெயரில் தன் பெயர் இடம்பெறுவதை நிறுவனம் எதிர்த்தது. பதிவு தாமதமாயிற்று. செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. இம்முறை தொழிலாளர் தரப்பே உயர்நீதிமன்றத்தை நாடியது. ஆறு வாரங்களுக்குள் முடிவெடுக்குமாறு டிசம்பரில் நீதிமன்றம் பதிவாளருக்கு உத்தரவிட்டது. 2025 ஜனவரி 27 அன்று சங்கம் பதிவாயிற்று.

முதல் நிகழ்வில் தொழிலாளர்க்குத் தடையாயிருந்த அதே உயர்நீதிமன்றம் இரண்டாவதில் துணையாயிற்று. நீதிபதிகளின் மனம் மாறிற்று என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. இடையில் அவர்கள் கையில் ஒரு சட்டம் வந்திருந்தது. எந்தத் துறையும் இயல்பிலேயே நீதியின் பக்கம் நிற்பதில்லை. ஒன்றின் பிழையை மற்றொன்று திருத்த இடமிருப்பதே இந்த ஏற்பாட்டின் பயன். அந்த இடத்தையும் யாரேனும் கதவைத் தட்டித்தான் பெற வேண்டியிருக்கிறது.

தட்டிய பின் திறக்கும்வரை ஆகும் காலத்துக்கு விலை உண்டு. பெரம்பூரில் அது ஐந்தாண்டுகளுக்கு மேல், சுங்குவார்சத்திரத்தில் மாதக்கணக்கு. இரண்டிலும் அந்த விலையைத் தொழிலாளர் குடும்பங்களே சம்பள இழப்பாகச் செலுத்தின. 1926ஆம் ஆண்டுச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்துக்கு வழிவிட்டுவிட்டது. பதிவாளர் மட்டும் அதிலும் இருக்கிறார். மண்ணூரில் இனியொரு சங்கம் விண்ணப்பிக்கும்போது, அதிகாரப் பிரிவினை ஏட்டில் இருக்கிறதா என்பதைவிட, அது எத்தனை நாளில் வேலை செய்கிறது என்பதே அங்குள்ளவர்களின் கேள்வியாக இருக்கும்.