களவுபோன காரும் களவுபோன எண்ணும்: அமெரிக்க மசில் கார்களைப் பற்றிய ஓர் ஆய்வு

2013-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கலிபோர்னியா மாநிலத்தின் சான் பெர்னார்டினோ மாவட்டக் காவலர் ஒருவர், பழைய செவர்லே கார் ஒன்றின் பாகங்களைக் கழற்றிக்கொண்டிருந்த இரு இளைஞரைக் கண்டு ஐயுற்று, அந்த வண்டியின் அடையாள எண்ணைப் பதிவேடுகளோடு ஒத்துப் பார்த்தபோது, அதே எண்ணைத் தாங்கிய மற்றொரு கார் ஓக்லண்டுப் பகுதியில் வேறொருவர் பெயரில் இருப்பது தெரியவந்தது. ஓர் எண்ணுக்கு இரண்டு வண்டிகள் இருத்தல் சாத்தியமன்று. ஆகவே இரண்டில் ஒன்று வேஷதாரி. ஓக்லண்டில் இருந்ததே அந்த வேஷதாரி என்பதும், அது திரைப்பட இயக்குநர் குவென்டின் டாரன்டினோவுக்குச் சொந்தமாயிருந்து, 'பல்ப் ஃபிக்ஷன்' படத்தில் ஜான் டிரவோல்டா ஓட்டிச்சென்று, அந்தப் படம் வெளியான 1994-ஆம் ஆண்டிலேயே களவுபோன 1964-ஆம் வருஷத்துச் சிவப்பு நிற மலிபு என்பதும் விசாரணையில் வெளிப்பட்டன. அதனை வைத்திருந்தவரோ, நியாயமான விலை கொடுத்து வாங்கியதாக நம்பியிருந்தவர். தம் வண்டி திருட்டுச் சொத்து என்பதைக் கேட்டுத் திகைத்துப்போனார் என்றும், அவரும் ஏமாற்றப்பட்டவரே என்றும் காவல் துறையினரே கூறினர்.

ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் ஒரு பிரசித்தி பெற்ற வண்டி பட்டப்பகலில் உலவியும் அகப்படாமல் இருந்தது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடை காண்பதற்கு அந்த ஒரு வண்டியின் கதை போதாது. அமெரிக்க நாட்டில் மோட்டார் வண்டிக்கு அடையாளம் என்ற ஒன்று எவ்வாறு ஏற்பட்டது, நடுத்தர உடலில் பெரிய எஞ்சின் ஏற்றிய மசில் கார் எனப்படும் விசேஷ ஜாதியின் மதிப்பு எவ்வாறு விழுந்து எழுந்தது, திருடரின் தொழில் அந்த மதிப்பை ஒட்டி எவ்வாறு உருமாறியது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். தொடக்கத்தில் காரைத் திருடி உடைத்து உறுப்புகளை விற்றவர்கள், பிற்காலத்தில் காரோடு மற்றொரு காரின் பெயரையும் சேர்த்துத் திருடத் தலைப்பட்டார்கள் என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

மோட்டார் வண்டியைக் களவாடுதல் அந்த வண்டியோடு கூடவே பிறந்த தொழில் என்று சொல்லலாம். 1912-ஆம் ஆண்டிலேயே காப்பீட்டு நிறுவனங்கள் ஒன்றுகூடித் திருட்டு வண்டிகளைப் பற்றிய தகவல்களைப் பரிமாறிக்கொள்வதற்கென ஓர் அமைப்பை நிறுவின. பிற்காலத்தில் தேசிய மோட்டார்த் திருட்டுத் தடுப்பு நிலையமாக வளர்ந்தது அதுவே. ஒரு மாநிலத்தில் திருடி மற்றொரு மாநிலத்துக்கு ஓட்டிச்சென்றுவிட்டால் முதல் மாநிலத்துக் காவலரின் அதிகாரம் எல்லைக் கோட்டில் நின்றுவிடும். இந்தக் குறையை நீக்கவே மிசௌரியைச் சேர்ந்த லியோனிடஸ் டையர் என்ற காங்கிரஸ் உறுப்பினர் கொண்டுவந்த சட்டம் 1919-இல் நிறைவேறி, திருட்டு வண்டியை மாநில எல்லை கடத்துவதை மத்தியச் சட்டத்தின்கீழ்க் குற்றமாக்கி, ஐயாயிரம் டாலர் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறைவாசமும் விதித்தது. வங்கிக் கொள்ளைகளால் நாட்டையே கலக்கிய ஜான் டில்லிஞ்சர், 1934-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்தியானா மாநிலத்துக் கிரௌன் பாயிண்ட் சிறையினின்று தப்பியபோது, அந்த ஊர் ஷெரிப்பின் ஃபோர்டு காரையே எடுத்துக்கொண்டு சிகாகோவுக்குச் சென்றான். அதுவரை அவனைத் துரத்துதற்குப் போதிய சட்ட அதிகாரம் இல்லாதிருந்த மத்தியப் புலனாய்வுத் துறைக்கு, அந்த ஒரு கார் எல்லை தாண்டியதனாலேயே உரிமை கிடைத்தது. கொள்ளைக்காரனைப் பிடிக்கக் கொள்ளைக் குற்றம் உதவாமல் கார்த் திருட்டு உதவிய இந்த விசித்திரம், டையர் சட்டத்தின் கரம் எவ்வளவு நீண்டது என்பதற்குத் தக்க சான்று.

ஆயினும் சட்டம் எவ்வளவு நீண்டதாயினும், இன்ன வண்டி இன்னாருடையது என்று ருசுப்படுத்த வேண்டுமே! தொடக்க காலத்தில் பல மாநிலங்கள் எஞ்சினில் பொறித்த எண்ணையே பதிவுக்கு ஆதாரமாகக் கொண்டன. எஞ்சினை மாற்றினால் வண்டியின் பெயரே மாறிவிடும் அவலநிலை அது. 1954-ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் கம்பெனிகள் வண்டிக்கென்றே தனி அடையாள எண் இடும் வழக்கத்தைக் கைக்கொண்டன. ஆனால் அந்த எண்ணின் நீளமும் பொருளும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபட்டன. பொறிக்கும் இடமும் அவ்வாறே. டாரன்டினோவின் மலிபு பிறந்த 1964-இல் செவர்லே கம்பெனி அந்த எண்ணை ஒரு சிறு தகட்டில் அடித்து, ஓட்டுநர் பக்கத்துக் கதவின் கீல் தூணில் பற்றவைத்து அனுப்பியது. வருஷம், வகை, உடலமைப்பு, தொழிற்சாலை, வரிசை எண் ஆகிய இவ்வளவே அந்தத் தகட்டிலிருந்து அறியத் தக்கவை. கதவைத் திறந்தாலன்றிக் கண்ணிற் படாத அந்த இடத்தில் ஒருவன் சாவகாசமாக உட்கார்ந்து தகட்டை மாற்றுவதற்குத் தடையாக இருந்தது அவனுடைய மனச்சாட்சி ஒன்றே.

இனி மசில் கார்களின் பக்கம் திரும்புவோம். 1964-இல் போன்டியாக் பிரிவின் பொறியாளர்கள், நடுத்தர அளவுள்ள வண்டியில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கலாகாது என்ற ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையின் விதியைச் சாமர்த்தியமாகச் சுற்றிக்கொண்டு, 389 கன அங்குல எஞ்சினை விருப்பப் பொருத்தம் என்ற பெயரால் லெமான்ஸ் காரில் ஏற்றி, ஜி.டி.ஓ. என்று விற்றார்கள். சில ஆயிரம் விற்றால் போதும் என்று எண்ணித் தொடங்கிய அந்த முயற்சி, முதல் வருஷத்திலேயே 32,450 வண்டிகளாகப் பெருகியது. மற்றக் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. கிரைஸ்லரின் 426 கன அங்குல ஹெமி எஞ்சினும் செவர்லேயின் 427 கன அங்குல அலுமினிய எஞ்சினும் பந்தயக் களத்திலிருந்து வீதிக்கு இறங்கி வந்தன. இவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். தெருச் சந்திப்பில் விளக்கு மாறியவுடன் சீறிப் பாய்வதே அவர்களுடைய இன்பம்.

அக்காலத்துத் திருடனுக்கு இந்த வண்டிகளின் அபூர்வம் ஒரு பொருட்டன்று. அவனுக்கு வேண்டியது எஞ்சினும் நாலு வேகக் கியர்ப் பெட்டியும் இருக்கைகளுமே. ஒரே கம்பெனியின் பல வகை வண்டிகளுக்கு இவை பொருந்தும் ஆதலால், இரவில் களவுபோன வண்டி மறுநாள் பட்டறையில் உறுப்புறுப்பாகப் பிரிந்து, மிஞ்சிய கூடு எங்கேனும் ஒரு வெற்றிடத்தில் வீசப்படும். இந்த விதமாக அழிந்தவை எத்தனை என்று கணக்கிடுவார் இலர். திருட்டைக் காரணங்காட்டியும் விபத்தைக் காரணங்காட்டியும் காப்பீட்டு நிறுவனங்கள் அறுபதுகளின் இறுதியில் அதிகக் குதிரைத்திறன் வண்டிகளுக்குக் கட்டணத்தை உயர்த்தின. 1970-இன் தூய காற்றுச் சட்டமும் 1973-இன் எண்ணெய் நெருக்கடியும் பின்னே வந்து இந்தச் சகாப்தத்தை முடித்துவைத்தன. எழுபதுகளில் இவை பெட்ரோலைக் குடிக்கும் பழைய வண்டிகள் என்றே இகழப்பட்டன.

திருட்டைத் தடுக்க அரசாங்கம் எடுத்த முக்கிய நடவடிக்கைகள் மசில் கார்களின் மத்தியானப் பொழுதிலேயே தொடங்கின. 1967 ஜனவரியில் மத்தியப் புலனாய்வுத் துறை தேசியக் குற்றத் தகவல் நிலையத்தைத் தொடங்கித் திருட்டு வண்டிகளின் எண்களைக் கணிப்பொறியில் ஏற்றியது. அதையடுத்து அடையாள எண் முன்கண்ணாடி வழியே வெளியிலிருந்து படிக்கத்தக்க இடத்துக்கு வந்தது. 1970 முதல் சாவியை எடுத்தால் ஓட்டத்தைத் தடுக்கும் பூட்டும் கட்டாயமாயிற்று. 1981 மாதிரி வண்டிகளிலிருந்து பதினேழு குறிகள் கொண்ட ஒரே சீரான எண் நடைமுறைக்கு வந்தது. அதன் ஒன்பதாவது குறி மற்றக் குறிகளைக் கூட்டிப் பெருக்கிச் சரிபார்க்கும் சோதனைக் குறியாதலால், மனம்போனபடி ஓர் எண்ணைப் புனைந்தால் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இங்கே பேசும் மசில் கார்கள் அனைத்தும் அதற்கு முந்தியவை. இந்தக் காவல் அவற்றுக்கு எட்டவில்லை.

மற்றொரு குறையும் உண்டு. தேசியத் தகவல் நிலையத்தில் ஏற்றிய திருட்டு வண்டிக் குறிப்பு, ஏற்றிய ஆண்டும் அதற்குமேல் நான்கு ஆண்டுகளும் நின்று, பின்பு நீக்கப்படும். நேற்றுத் திருடியதை இன்று விற்பவனைப் பிடிக்க இது போதும். பத்தாண்டு பொறுத்திருப்பவனை என் செய்வது? பழைய குறிப்புகளைப் போற்றி வைப்பது காப்பீட்டாரின் நிலையத்துக்கே விடப்பட்டது. 1969 ஜனவரியில் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஒரு வண்டிக் கொட்டகையிலிருந்து களவுபோன 1968-ஆம் வருஷத்துக் கார்வெட் ஒன்று, 2005-இன் இறுதியில் கலிபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்தில் சுவீடனுக்குக் கப்பலேறும் தறுவாயில் சுங்க அதிகாரிகளிடம் சிக்கியதைக் கேட்டால், இந்த ஏட்டின் மாண்பு புரியும். எண் களவுப் பட்டியலில் ஒத்தது. உரியவர் யார் என்பது மட்டும் தெரியவில்லை. நியூயார்க் காவல் துறையினர் அந்த ஆண்டின் திருட்டு முறையீடுகளை நுண்படச் சுருளில் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சென்று பெயரைக் கண்டுபிடித்தனர். திருட்டுக் காப்பீடு எடுத்திருந்து நஷ்டஈடு பெற்றிருந்தால் வண்டி காப்பீட்டு நிறுவனத்துக்குச் சேர்ந்திருக்கும். அவர் அதை எடுக்கவில்லை ஆதலால், முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் அது அவரிடமே திரும்பிற்று. கார்வெட்டை மசில் கார் என்பது தகுமா என்று ரசிகர்கள் வாதிடுவர். அந்த வாதம் நமக்கு வேண்டா.

இகழப்பட்ட மசில் கார்களின் நிலைமை எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தலைகீழாயிற்று. அந்தப் பழைய வண்டிகளை இளமையில் விரும்பி வாங்க இயலாதிருந்தவர்கள் செல்வந்தராகி, ஏலங்களில் போட்டியிட்டார்கள். 1969-இல் 69 மட்டுமே செய்யப்பட்ட செவர்லே கமாரோ இசட்.எல்.1, எஞ்சினுக்கு மட்டும் 4,160 டாலர் விலையாதலால் விற்பனையாளரிடம் தேங்கிக் கிடந்து, சில கம்பெனிக்கே திருப்பியனுப்பப்பட்ட வண்டி. அதே வண்டி பிற்காலத்தில் பெருஞ்செல்வர் மட்டுமே எட்டத்தக்க பொக்கிஷமாயிற்று. 1971-ஆம் வருஷத்து ஹெமி எஞ்சினுடைய, கூரை மடங்கும் பிளிமத் 'குடா ஒன்று 2014-இல் 35 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

இந்த விலை உயர்வு திருட்டின் சுபாவத்தையே மாற்றியது. கிரைஸ்லர் கம்பெனி தன் அடையாள எண்ணிலேயே எஞ்சினின் குறியையும் சேர்த்திருந்தது: 1970-இன் 'குடாவில் 'பி எஸ் 27 ஆர்' என்று தொடங்கும் எண்ணைக் கண்டால், பாரகூடா, சிறப்பு வகை, மடங்கும் கூரை, ஹெமி எஞ்சின் என்று அறிந்தவர் உடனே படித்துவிடுவர். அந்த ஆண்டில் அத்தகைய வண்டி பதினான்கே உண்டு. ஆகவே துருப்பிடித்து மண்ணாய்ப்போன ஒரு ஹெமி வண்டியின் தகடு, ஓடும் நிலையிலுள்ள சாதாரண 'குடா முழுவதையும்விட விலைமதிப்புடையதாயிற்று. தகட்டைக் கழற்றி வேறோர் உடலில் பதித்தால் அபூர்வம் உற்பத்தியாகிவிடும். செவர்லேயின் நிலை வேறு. 1972-க்கு முன் அதன் எண் இன்ன எஞ்சின் என்று சொல்வதில்லை. அங்கே மோசடிக்குத் தகடு மாற்றவும் வேண்டா, எஞ்சினும் காகிதங்களும் போதும். தகடு பேசும் வண்டியில் தகட்டையும், தகடு மௌனமாயிருக்கும் வண்டியில் சான்றுகளையும் பொய்யாக்கினார்கள்.

டாரன்டினோவின் மலிபுக்கு நேர்ந்தது மூன்றாவது வகை. களவுபோன நல்ல வண்டிக்கு, களவுபோகாத வேறொரு வண்டியின் எண்ணைச் சூட்டுதல். திருட்டுப் பட்டியலில் தேடினால் அந்த எண் இராது. உரிமைப் பத்திரம் கேட்டால் பிறக்கும். வாங்குகிறவர் செய்யக்கூடிய சோதனைகள் எல்லாவற்றிலும் அது தேறிவிடும். ஒரே எண்ணுக்கு இரண்டு உரிமைப் பத்திரம் வழங்காமல் தடுக்க, மாநிலப் பதிவேடுகளை ஒன்றோடொன்று பிணைக்கும் ஏற்பாடு 1992-இன் கார்த் திருட்டுத் தடுப்புச் சட்டத்தில் விதிக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவில் வண்டித் திருட்டு ஆண்டுக்குப் பதினாறு இலட்சத்தைத் தாண்டி உச்சத்தை எட்டிய காலத்தில் பிறந்த சட்டம் அது. எனினும் காப்பீட்டாரும் பழைய இரும்புக் கிடங்கினரும் அந்த இணைப்பு ஏட்டுக்குத் தகவல் தருவது 2009-இல்தான் கட்டாயமாயிற்று. 1994-இல் களவுபோன மலிபுக்கு இந்த இடைவெளி தாராளமாகப் போதுமாயிருந்தது. அது பிடிபட்டதும் ஏட்டின் விழிப்பால் அன்று. அதன் பெயரைப் பங்கிட்டிருந்த மற்றொரு கார் காவலர் கண்ணிற் பட்ட தற்செயலாலேயே.

ஆங்கிலேயரிடமிருந்து அமெரிக்கா பெற்ற பொதுச் சட்டத்தின்படி, திருடனுக்கு இல்லாத உரிமையை அவனிடம் வாங்கியவனும் பெறான்; எத்தனை கை மாறினாலும் சொத்து முதல் உடையவனுடையதே. வாங்கியவர், தமக்கு விற்றவர்மேல் வழக்காடலாம் என்பது ஆறுதல். இருபதாண்டுக்குப் பின் அந்த விற்றவரைத் தேடுவது யார்? இவ்விதியின் கடுமை நியாயமானதே என்பது என் கருத்து. ஏனெனில் அதைத் தளர்த்தினால், காலத்தைக் கடத்துவதே திருட்டைச் சுத்திகரிக்கும் உபாயமாகிவிடும்.

ஆனால் எண்ணைக் காக்கும் ஆர்வம் சில சமயம் வரம்பு மீறியதும் உண்டு. 1984-இன் மத்தியச் சட்டம் அடையாள எண்ணை நீக்குவதையும் மாற்றுவதையும் குற்றமாக்கியது. பல மாநிலங்களில் அதனினும் கடுமையான விதிகள் உள்ளன. கன்சாஸ் மாநிலத்தில் 2017-இல் ஒருவர் வெளிமாநிலத்திலிருந்து வாங்கிவந்த 1959-ஆம் வருஷத்துக் கார்வெட்டைப் பதிவுசெய்யக் கொண்டுசென்றபோது, புதுப்பிக்கும் வேலையில் தகடு கழற்றப்பட்டு மீண்டும் ஆணியடிக்கப்பட்டிருந்தது என்பதற்காக, அவர்மீது குற்றம் எதுவும் இல்லாதபோதும் வண்டி பறிமுதல் செய்யப்பட்டது. அழித்துவிட வேண்டும் என்பதே அங்கிருந்த சட்டம். வழக்குப் பல ஆண்டு நீண்டது. 2022-இல் அந்த மாநிலச் சட்டமன்றம், பழைய வண்டியைப் புதுப்பிப்பதற்காகத் தகட்டைத் தற்காலிகமாகக் கழற்றுவது குற்றமாகாது என்று விதியைத் திருத்தியது.