கட்டங்களுள் அடங்காத காணிகள்: நியூயோர்க் வலயச் சட்ட வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

வீட்டுக் காணி செவ்வக வடிவினது என்ற எண்ணம் இயற்கையின்பாற்பட்டதன்று. அஃது ஆட்சியாளரின் வரைபடத்திலே பிறந்தது. நியூயோர்க் நகரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1811 ஆம் ஆண்டுத் திட்டம் மன்ஹற்றன் தீவின் பெரும்பகுதியை நேர்கோட்டுத் தெருக்களால் கட்டங்களாக வகுத்தது. அக்கட்டங்களுள் 25 அடி அகலமும் 100 அடி ஆழமும் கொண்ட காணித்துண்டே பொது அளவாயிற்று. ஆயின், திட்டத்துக்கு முற்பட்ட புறோட்வே வீதி கட்டங்களை ஊடறுத்துச் சாய்வாகச் சென்றது. கிறீன்விச் கிராமத்தின் பழைய தெருக்களோ திட்டத்துக்குள் அடங்கவேயில்லை. இவற்றின் ஓரங்களில் முக்கோணிகளும் கோணல் துண்டுகளும் எஞ்சின.

1901 ஆம் ஆண்டுத் தொகுதிக் குடியிருப்புச் சட்டம், மூலைக் காணியில் 90 வீதத்துக்கும் ஏனையவற்றில் 70 வீதத்துக்கும் மேலாகக் கட்டடம் அமைதலாகாது என விதித்தது. காற்றும் வெளிச்சமுமின்றி வாடிய ஏழைக் குடும்பங்களுக்கு இது பெரும் நன்மையே. எனினும் வீதக் கணக்கும் முற்ற அளவும் செவ்வகத்தை மனத்திற் கொண்டே எழுந்தன. பின்புற எல்லையே இல்லாத முக்கோணியில் பின்முற்றம் எங்கு அமையும்?

கோணல் காணிகளை நகரமே ஆக்கியதும் உண்டு. ஏழாம் நிழற்சாலையைத் தெற்கே நீட்டுவதற்காக 1910 களில் கட்டடங்கள் பல சுவீகரிக்கப்பட்டு இடிக்கப்பட்டன. அவற்றுள் ஹெஸ் குடும்பத்தாரின் தொடர்மாடி வீடும் ஒன்று. அளவையில் நேர்ந்த பிழையால் ஏறத்தாழ 500 சதுர அங்குல முக்கோணி ஒன்று அவர்கள் வசமே எஞ்சியது. அதனை நன்கொடையாகத் தருமாறு நகரம் கேட்டபோது அவர்கள் மறுத்து, அது பொதுத் தேவைக்கு ஒருபோதும் அளிக்கப்படவில்லை என்பதை 1922 இல் நடைபாதையிலேயே பதித்து வைத்தனர். வேடிக்கையாகத் தோன்றினும், வீடிழந்தவரின் சீற்றத்தை அச்சிறு கற்பலகையிற் காணலாம். 1938 இல் அத்துண்டு அயலிலிருந்த சுருட்டுக் கடைக்கு 1000 டொலருக்கு விற்கப்பட்டது.

1916 இல் நகரம் முழுவதற்குமான வலயச் சட்டம் நிறைவேறியபோது, அதனை ஆக்குவதில் முன்னின்ற எட்வேட் பசெற் இவ்விடரை நன்குணர்ந்திருந்தார். ஒரு கோணல் காணியின் உரிமையாளர், விதியால் தம் ஆதனம் முற்றாகப் பயனற்றுப் போயிற்றென நீதிமன்றில் நிறுவின், சட்டம் முழுவதுமே ஆட்டங்காணக்கூடும். ஆகவே, விதியைத் தளர்த்தும் அதிகாரம் மேன்முறையீட்டுச் சபையொன்றுக்கு வழங்கப்பட்டது. இந்த ஏற்பாட்டைக் கருணையின் விளைவு என்பதினும், சட்டம் தன்னைக் காத்துக்கொண்ட உபாயம் என்பதே பொருந்தும்.

அவ்வாயில் அகலத் திறந்திருப்பின் செல்வாக்குடையோரும் அதனூடே நுழைவர். 1939 இல், லின்புறூக் என்னும் ஊரில் சறுக்கு விளையாட்டரங்கொன்றுக்கு அளிக்கப்பட்ட விலக்கை ஏற்க மறுத்த மாநில மேன்முறையீட்டு நீதிமன்று, மூன்று நிபந்தனைகளை வகுத்தது: அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டால் காணி நியாயமான வருவாய் தராமை, இடர் அக்காணிக்கே உரியதாதல், அயலின் இயல்பு மாறாமை. இவற்றுள் இரண்டாவதே கோணல் காணிக்காரருக்குக் கைகொடுப்பது. அதனை நிறுவ அவருக்கு நில அளவைப் படமே சாட்சி. வருவாய் இன்மையை நிறுவவோ கணக்கேடுகளும் வழக்கறிஞரும் வேண்டும். சிறு காணிக்காரர் பலரிடம் அவை இருப்பதில்லை.