செப்டிக் டேங்க்: இடத்தேர்வும் அமைப்பு விதிகளும்

பாதாளச் சாக்கடை எட்டாத இடங்களில் ஒரு வீட்டின் கழிப்பறைக் கழிவை அந்த மனைக்குள்ளேயே கையாளும் ஏற்பாடு செப்டிக் டேங்க். இதற்கு இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று, நீர் கசியாத தொட்டி. மற்றது, தொட்டியிலிருந்து வழியும் நீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சுகுழி அல்லது பரவல் அகழி. சிமென்ட் உறைகளை இறக்கி மூடிபோட்ட குழியையும் தமிழகத்தில் பலர் செப்டிக் டேங்க் என்றே சொல்வார்கள். அடியில் தளமில்லாத அந்தக் குழி, தொட்டியே இல்லாத வெறும் உறிஞ்சுகுழிதான்.

பிரான்சில் லூயி மூராஸ் அமைத்த தொட்டிக்கு 1881இல் காப்புரிமை கிடைத்தது. இங்கிலாந்தின் எக்சிட்டரில் டொனால்ட் கேமரன் 1890களில் கட்டிய தொட்டிக்குப் பிறகே 'செப்டிக் டேங்க்' என்ற பெயர் நிலைத்தது.

தொட்டிக்குள் கனமானவை அடியில் கசடாகப் படியும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாகக் கட்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள நீர் மட்டுமே வெளியேற வேண்டும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் கசடை மெல்லச் சிதைக்கும். ஆனால் வெளிவரும் நீரில் கரிமக் கழிவு பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும். நோய்க்கிருமிகளும் பெருமளவு தங்கிவிடும். எஞ்சிய சுத்திகரிப்பை மண்தான் செய்கிறது. இட விதிகளில் தொட்டியைவிட உறிஞ்சுகுழிக்குக் கண்டிப்பு அதிகமாக இருப்பது இதனால்தான்.

இந்தியாவில் இவற்றுக்கான தர விதி ஐ.எஸ். 2470. 1985இல் திருத்தப்பட்ட அதன் முதல் பகுதி தொட்டியைப் பற்றியது. இரண்டாம் பகுதி வழிநீரைப் பற்றியது. தொட்டியின் அகலம் 75 செ.மீ.க்கும், நீரின் ஆழம் 1 மீட்டருக்கும், கொள்ளளவு 1000 லிட்டருக்கும் குறையக்கூடாது. நீளம் அகலத்தைப் போல 2 முதல் 4 மடங்கு இருக்க வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீராழம் போதும். அதாவது 1125 லிட்டர். நீர்மட்டத்துக்கு மேல் 30 செ.மீ. வெற்றிடம் விட வேண்டும். உள்வரும் குழாயும் வெளியேறும் குழாயும் 'டீ' வடிவில் நீருக்குள் இறங்கியிருப்பது அவசியம். இல்லையேல் மேலே கட்டிய ஆடை நேராக உறிஞ்சுகுழிக்குப் போய் அதை அடைத்துவிடும். மழைநீரை ஒருபோதும் தொட்டிக்குள் விடக்கூடாது. அந்த வேகத்தில் கசடு கலங்கி வெளியேறிவிடும்.

உறிஞ்சும் அமைப்பு குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டரும், குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 6 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என்கிறது விதி. நகர மனைகளில் இது எவ்வளவு சாத்தியம்? 30க்கு 40 அடி கொண்ட அரை கிரவுண்ட் மனையின் மூலைவிட்டமே 50 அடி, சுமார் 15 மீட்டர். ஒரு மூலையில் கிணறும் எதிர்மூலையில் குழியும் தோண்டினாலும் விதி நிறைவேறாது. இடைவெளியை மனை எல்லையோடு நிறுத்திவிடுவதும் பிழை. அண்டை வீட்டு ஆழ்துளைக் கிணற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். இத்தகைய நெருக்கமான மனைகளில் குழிக்குப் பதிலாகக் கூட்டுச் சுத்திகரிப்பு அமைப்பை நாடுவதே பொருத்தம்.

மண்ணின் உறிஞ்சும் திறனை அளக்க எளிய சோதனை உண்டு. அகழி வரவேண்டிய ஆழத்துக்குச் சிறு குழி தோண்டி, நீரூற்றி, இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் நீர்மட்டம் 25 மி.மீ. இறங்க ஆகும் நேரத்தைக் குறிப்பார்கள். நேரம் நான்கு மடங்கானால் உறிஞ்சும் பரப்பு இருமடங்கு தேவைப்படும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் இறுகிய களிமண்ணில் உறிஞ்சுகுழி பயன்படாது. வழிநீரை வடிகட்டும் தனி அமைப்பு வேண்டும். நிலத்தடி நீர் 1.8 மீட்டருக்குள் இருந்தால் ஆழக் குழியைத் தவிர்த்து, மேடு கட்டி அதில் அகழி அமைக்க வேண்டும்.

நீர் வேகமாக இறங்குவதும் நல்லதல்ல. யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகள் வழியே கழிவுநீர் வடிகட்டப்படாமலே கிணறுகளை எட்டக்கூடும். அங்குள்ள கிணற்று நீரில் நைட்ரேட் மிகுந்திருப்பதற்கு விவசாய உரத்தோடு மலக்குழிகளும் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

தொட்டியைக் கழிவுநீர் லாரியின் குழாய் எட்டும் இடத்தில், திறக்கக்கூடிய மூடியுடன் கட்ட வேண்டும். படுக்கையறைத் தரைக்கடியில் புதைத்த தொட்டியைப் பின்னர் யாரும் திறப்பதில்லை. பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை உறிஞ்சி எடுக்க வேண்டும். நுண்ணுயிரிகள் மீண்டும் பெருகச் சிறிதளவு கசடை விட்டுவைப்பது வழக்கம். பாதுகாப்பின்றி ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும். நிலத்தடி நீர் உயர்ந்த மழைக்காலத்தில் தொட்டியை முழுவதும் காலி செய்தால், எடை குறைந்த தொட்டி மண்ணைப் பிளந்து மேலே மிதந்துவிடும்.